கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? குமரி மாவட்டத்துப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சிங்கப்பூரிலிருந்து ஒரு குரூஸ் போட்டிருக்கேன்" என்று போன் வரும். டிக்கெட்டோடு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று ஒரு பட்டியலும் வரும். அதில் "ஃபார்மல் நைட்" என்று இருப்பதைப் பார்த்ததும் வீட்டில் கவலை தொடங்கிவிடும்.

நான் குளச்சல் பக்கத்துக்காரன். பதினோரு வருஷம் பயணிகள் கப்பல்களில் டைனிங் ரூமில் வேலை பார்த்தேன். துணை வெயிட்டராகச் சேர்ந்து, கடைசி நாலு வருஷம் ஹெட் வெயிட்டர். ஊரோடு வந்து தங்கிய பிறகு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபார்மல் நைட் அன்றைக்கு நம் ஊர் அப்பா அம்மாக்கள் டைனிங் ரூம் பக்கமே வராமல், மேல் தளத்து பஃபேயில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டால் "அதுக்குள்ள துணி எங்ககிட்ட இல்லப்பா" என்பார்கள். பெட்டிக்குள் பட்டுச்சேலை மடித்து வைத்திருக்கும். அது போதும் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபார்மல் நைட் என்றால் என்ன? தினமும் உண்டா?

தினமும் இல்லை. ஏழு இரவுப் பயணம் என்றால் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு இரவுதான். மூன்று, நான்கு இரவுப் பயணத்தில் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அன்று மாலை எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு பெரிய டைனிங் ரூமுக்கு வருவார்கள். கேப்டன் வந்து பேசுவார், போட்டோ எடுப்பார்கள், சாப்பாட்டிலும் ஒன்றிரண்டு விசேஷ ஐட்டம் கூடுதலாக இருக்கும். ஒரு கம்பெனி இதை காலா ஈவினிங் என்று சொல்லும், இன்னொன்று எலிகன்ட் நைட் என்று சொல்லும். விஷயம் ஒன்றுதான்.

கப்பல் ஏறுகிற முதல் நாள் ராத்திரி இது இருக்காது. ஏறும்போது நம் கையிலிருந்து வாங்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரவே சில சமயம் இரவாகிவிடும் என்பது காரணம். பெரும்பாலும் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில்தான் வைப்பார்கள். அன்றைக்கு ஊர் சுற்றிய களைப்பு இருக்காது, உடுத்தவும் நேரம் இருக்கும்.

நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறோம். ஆண்கள் வேட்டி கட்டித்தான் உள்ளே போக வேண்டும். சுரிதாரில் வந்த பிள்ளைகள்கூட மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. இதையும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கப்பலிலும் ஒரே சட்டமா?

இல்லை. உங்கள் கப்பல் எது என்று தெரியாமல் பெட்டி கட்டாதீர்கள்.

இதில் மிகக் கண்டிப்பு கியூனார்ட் கம்பெனி. குயின் மேரி 2, குயின் விக்டோரியா, குயின் எலிசபெத், குயின் ஆன் எல்லாம் அவர்களுடைய கப்பல்கள். காலா ஈவினிங் அன்று மாலை ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட், அல்லது கருமையான சூட்டும் டையும். பெண்களுக்கு மாலை விருந்துக்கு உடுத்தும் கவுன் மாதிரி உடை. சில இரவுகளில் கறுப்பு வெள்ளை, முகமூடி என்று ஒரு கருப்பொருளும் வைப்பார்கள். அது விருப்பம்தான், கட்டாயமில்லை.

நடுத்தரம் என்றால் ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ் மாதிரிக் கப்பல்கள். ஃபார்மல் நைட் உண்டு. ஆனால் முழு சூட் போட்டவரும் முழுக்கைச் சட்டை, டை மட்டும் போட்டவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த வகைக் கப்பலில்தான் ஏறுகிறார்கள்.

நார்வேஜியன் கம்பெனி 2000-லேயே "ஃப்ரீஸ்டைல்" என்று சொல்லிக் கட்டாய ஃபார்மலை விட்டுவிட்டது. செலிபிரிட்டி 2015-ல் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு "ஈவினிங் சிக்" என்று கொஞ்சம் தளர்த்தி வைத்தது. மொத்தத்தில் வருஷத்துக்கு வருஷம் சட்டம் இளகித்தான் வருகிறது. இந்தியாவிலிருந்தே ஓடும் கார்டிலியாவில் போகிறீர்கள் என்றால், ஒரு நல்ல சட்டை பேன்ட், ஒரு நல்ல சேலை இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாம்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் உங்கள் பயணத் தேதிக்கான உடை விவரம் இருக்கும். பிள்ளைகளிடம் அதைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். கப்பலில் ஏறிய பிறகு தினமும் மறுநாள் நிகழ்ச்சி நிரல் வரும், அதிலும் அன்றைய இரவு உடை என்ன என்று போட்டிருக்கும்.

"ஜாக்கெட் கட்டாயம்" என்று இருக்கிறது. அது யாருக்கு?

ஆண்களுக்கு. நம் ஊரில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடும் ரவிக்கை, கப்பல் தாளில் ஜாக்கெட் என்றால் கோட்டு. டின்னர் ஜாக்கெட் என்பது கழுத்துப் பட்டையில் மட்டும் பளபளப்பான சாட்டின் துணி வைத்த கறுப்புக் கோட்டு. அமெரிக்கர்கள் அதையே டக்சீடோ என்பார்கள், நியூயார்க் பக்கத்து டக்சீடோ பார்க் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டையும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி நிற்கும் கறுப்பு போ டையும் அதற்குச் சேர்மானம். இதை வாங்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். கியூனார்டிலேயே கருமையான சூட்டை ஏற்கிறார்கள்.

என் கல்யாணக் கோட்டு பீரோவில் இருக்கிறது. அது போதுமா?

பெரும்பாலும் போதும். நம் மாவட்டத்தில் கோயில் கல்யாணத்துக்கு, அதாவது சர்ச் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை கோட்டு சூட்டுப் போடுவது எத்தனையோ தலைமுறையாக உள்ள பழக்கம். அதனால் பல வீடுகளில் ஒரு கோட்டு இருக்கிறது. கறுப்பு, கருநீலம், கரும்சாம்பல் எதுவானாலும் சரி. மின்னும் வேலைப்பாடு உள்ள ரிசப்ஷன் கோட்டு என்றாலும் கவலைப்படாதீர்கள், ஃபார்மல் நைட்டில் அதைவிட மின்னுகிற கோட்டெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே அதை வெளியே எடுங்கள். நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. பீரோவுக்குள் ஈரம் நிற்கும். காலரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி மாதிரிப் பூஞ்சை படிந்திருக்கும். வெயிலில் போடாதீர்கள், நிறம் போய்விடும். நிழலில் காற்றாட ஒரு நாள் தொங்கவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். பாச்சா உருண்டை வாசமும் அதில்தான் போகும்.

பிறகு போட்டுப் பாருங்கள். பொத்தான் போட்டதும் வயிற்றுக்கு மேல் துணி பெருக்கல் குறி மாதிரி இழுத்தால் கோட்டு இறுக்கம். நல்ல டெய்லர் தைத்த கோட்டு பேன்ட் என்றால் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டிருப்பார். பேன்ட் இடுப்பில் ஒன்றரை அங்குலம் வரைகூட இளக்கலாம். கோட்டில் அவ்வளவு வராது. வரவில்லை என்றால் பொத்தான் போடாமல் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

கடையில் ரெடிமேடாக வாங்கிய கோட்டு என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். இடது கை மணிக்கட்டுக்கு மேல் கம்பெனி பெயர் தைத்த ஒரு துண்டுத் துணி இருக்கும். அது கடையில் அடையாளத்துக்காக வைத்தது, வீட்டில் பிரித்துவிட வேண்டும். பின்பக்கக் கீழ்ப் பிளவை ஒரு நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்திருப்பார்கள். அதையும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது கோட்டு சுருண்டு மேலே ஏறும். இரண்டும் அப்படியே இருக்க வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். நான் கத்தரிக்கோல் கொண்டுவந்து வாசலிலேயே வெட்டிவிட்டேன். உட்கார்ந்ததும் "இப்பத்தான் முதுகு இளகுது" என்றார்.

கோட்டைவிட ஷூவைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன். வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த ஷூவின் அடிப்பாகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில வகை ரப்பர் மாதிரி அடிப்பாகம் ஈரக் காற்றிலேயே உள்ளுக்குள் இற்றுப்போகும். போட்டு நூறடி நடந்ததும் கேக் மாதிரி உதிரும். மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு டைனிங் ரூம் படிக்கட்டில் இது நடந்தது. கம்பளத்தில் கறுப்புத் துண்டுகள் வரிசையாகக் கிடக்க, மனுஷன் கூனிக் குறுகிப் போனார். வீட்டில் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், எனக்கும் இது மனசுக்கு நெருக்கமான கேள்வி.

2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. பெரிய பிரச்சினையாகி, அந்த வருஷமே தமிழ்நாடு சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி போன்ற பாரம்பரிய உடைக்காகக் கிளப், மண்டபம் போன்ற பொது இடங்களில் ஆளைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அதைச் சொல்லி "நம்ம சட்டம் இருக்குல்லா" என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள் உள்ள இடங்களுக்குத்தான். பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று வேறு நாட்டுக் கொடியில் ஓடுகின்றன. அங்கே கம்பெனி வைத்ததுதான் விதி.

ஆனால் அந்த விதியிலேயே வழி இருக்கிறது. கியூனார்ட் தன் காலா உடைப் பட்டியலில் அந்தந்த நாட்டு விசேஷ உடையையும் ஏற்பதாகவே சொல்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடை உடுத்தி வருவார்கள், அதற்கு அங்கே தனி மரியாதை. அந்த வரிசையில் நம் பட்டு வேட்டியும் வரும். மற்றக் கம்பெனிகளில் இது இவ்வளவு தெளிவாக எழுதியிருக்காது. அதனால் முன்கூட்டியே மெயில் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "நேஷனல் ஃபார்மல் டிரெஸ்" என்ற வார்த்தையைப் போட்டே கேளுங்கள், சட்டென்று புரியும்.

நான் ஹெட் வெயிட்டராக இருந்தபோது ஒரு பெரியவர் பட்டுக்கரை எட்டு முழ வேட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை, தோளில் மடித்த நேரியலோடு வந்தார். வாசலில் நின்ற வேற்று நாட்டுப் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, என்னைக் கூப்பிட்டான். மேனேஜரிடம் போய், "இது எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு உடுத்துவது" என்று ஒரே வரிதான் சொன்னேன். அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்து மேசை அம்மா ஒருவர் கரை நெய்தது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுவதானால் ஒழுங்காகக் கட்டுங்கள். சட்டை முழுக்கையாக இருக்கட்டும். மேல்துண்டு கட்டாயம் வேண்டும், அதுதான் விசேஷ உடை என்று காட்டும். காலில் ரப்பர் செருப்பு வேண்டாம், தோல் செருப்பு. எந்தக் காரணத்துக்காகவும் மடித்துக் கட்டாதீர்கள். கப்பல் ஆடும், படிக்கட்டு இருக்கும், அதனால் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது வெல்க்ரோ வைத்த வேட்டியாகப் பாருங்கள். அப்படியும் பெட்டியில் ஒரு கறுப்பு பேன்ட் வைத்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்குச் சேலை ஏற்றுக்கொள்வார்களா? என்ன சேலை?

எந்தக் கம்பெனியிலும், எந்த ஃபார்மல் நைட்டிலும் சேலைக்குத் தடை என்று நான் கண்டதில்லை. நல்ல பட்டுச்சேலை உடுத்தி நம் அம்மாக்கள் உள்ளே வரும்போது ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இது சத்தியம். காஞ்சிப் பட்டு, செட்டு முண்டு, ஒரு நல்ல கைத்தறிப் பட்டு எல்லாமே பொருந்தும். சுரிதார் என்றால் சாதாரண இரவுகளுக்குப் பருத்தி, ஃபார்மல் நைட்டுக்குப் பட்டோ வேலைப்பாடு உள்ளதோ.

வெயிட்டராக நின்று பார்த்ததால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, முந்தானையை நாற்காலிக்குப் பின்னால் தொங்க விடாதீர்கள். மேசைகளுக்கு நடுவில் நாங்கள் தோள் உயரத்துக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவோம், கீழே இருப்பது தெரியாது. ஒருமுறை ஒரு வெயிட்டர் முந்தானையில் கால் வைத்து, அந்த அம்மா எழுந்த வேகத்தில் தோள் பின் துணியைக் கிழித்துவிட்டது. புதுப் பட்டு. முந்தானையை முன்னால் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, டைனிங் ரூமில் ஏசி குளிர் அதிகம். ஒரு சால்வை எடுத்துப் போங்கள். குதிகால் உயர்ந்த செருப்புப் பழக்கமில்லை என்றால் அன்றைக்குப் பழக வேண்டாம், தட்டையான செருப்பே நல்லது.

பட்டுச்சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஒரே சேலையை இரண்டு ஃபார்மல் நைட்டுக்கும் உடுத்தலாமா என்றால், தாராளமாக.

அம்மா வெள்ளைச்சேலை மட்டும்தான் உடுத்துவார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை. சுத்தமான, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச்சேலை எந்த ஃபார்மல் நைட்டுக்கும் பொருந்தும். சில கப்பல்களில் எல்லோரும் வெள்ளை உடுத்தும் இரவு என்றே ஒன்று வைக்கிறார்கள்.

தலையில் முக்காடு, தொப்பி?

குளச்சல், தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து இதைக் கேட்கிறார்கள். பட்டியலில் தொப்பி கூடாது என்று எழுதியிருப்பது விளையாட்டுத் தொப்பியை. ஹிஜாப், தொழுகைத் தொப்பி, தலைப்பாகை மாதிரி மத வழக்கத்துக்காக அணிவதில் எந்தச் சிக்கலையும் நான் பார்த்ததில்லை.

நகை எவ்வளவு போடலாம்?

வடசேரி கோயில் நகை செட் ஒன்று, பட்டுச்சேலைக்கு அதுவே நிறைவாக இருக்கும். கல் வைத்த பூச்சு நகை என்றால் தொலைந்தாலும் மனசு உடையாது. பவுன் நகை எடுத்துப் போகிறீர்கள் என்றால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லையும் கையில் வையுங்கள். அது இல்லாமல் திரும்பி வரும்போது, வெளிநாட்டில் வாங்கியதோ என்று கேட்டால் பதில் சொல்லித் தீராது. அறையில் எண் போட்டுப் பூட்டும் சின்ன லாக்கர் பெரும்பாலும் இருக்கும், போடாத நேரத்தில் நகை அதற்குள் இருக்கட்டும்.

தோவாளைப் பிச்சிப்பூ கொண்டு போகலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் பூ, காய், பழம் விஷயத்தில் பல நாடுகள் கண்டிப்பானவை, இறங்கும் இடத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாடிய பூவுக்காக அந்தச் சங்கடம் வேண்டாம். துணிப்பூ ஒரு சரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகலாமா?

கூடாது. தீப்பிடிக்கும் பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் இஸ்திரிப் பெட்டியும் ஆவி இஸ்திரியும் தடை. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கான துணி துவைக்கும் அறையில் இஸ்திரி இருக்கும். இல்லாவிட்டால் காசு கொடுத்துத் தேய்த்து வாங்கலாம். ஃபார்மல் நைட் அன்று கூட்டம் இருக்கும், முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். சின்னச் சுருக்கம் என்றால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் கோட்டைக் கால் மணி நேரம் தொங்கவிட்டாலே போய்விடும்.

அறைக்கு வெளியே சாரம், நைட்டி?

அறைக்குள், உங்கள் பால்கனியில், எதுவும் உடுத்தலாம். கதவுக்கு வெளியே வேண்டாம். காலை காப்பிக்கு பஃபேக்குப் போவதானாலும் மாற்றிக்கொண்டு போங்கள்.

உடை சரியில்லை என்றால் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

அந்த வாசலில் நானே நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் விஷயமே, பயணியை எல்லோர் காதிலும் விழும்படி எதுவும் சொல்லக் கூடாது என்பது. ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வோம். நான் வேலை பார்த்த கப்பலில் நாலைந்து அளவில் கறுப்புக் கோட்டு வாசலுக்குப் பின்னால் தொங்கும், அதை மாட்டி உள்ளே அனுப்புவோம். எப்போதும் ஒத்துக்கொள்ளாதவை அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், நீச்சல் உடை, ரப்பர் செருப்பு. மற்றபடி முழுக்கைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போட்டு வந்த ஒரு தகப்பனை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

அன்று உடுத்த மனசே இல்லை என்றால் பஃபே திறந்திருக்கும், அறைக்கும் சாப்பாடு வரவழைக்கலாம். அது உங்கள் விருப்பம். துணி இல்லை என்ற பயத்தால் மட்டும் அங்கே போகாதீர்கள்.

கத்தி, முள்கரண்டி வரிசையாக வைத்திருப்பார்களாமே?

வெளியிலிருந்து உள்ளே என்று எடுத்துக்கொண்டே வாருங்கள், அவ்வளவுதான். தெரியவில்லை என்றால் வெயிட்டரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வான். ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சைவம் என்றால் பயணம் பதிவு செய்யும்போதே எழுதிவிட்டு, முதல் நாள் இரவு உங்கள் மேசை வெயிட்டரிடம் இன்னொரு முறையும் சொல்லுங்கள்.

ஃபார்மல் துணியை எந்தப் பெட்டியில் வைப்பது?

கைப்பையில். திருவனந்தபுரத்தில் போட்ட பெட்டி சிங்கப்பூர் வராமல் போய், மூன்றாம் நாள் வரைக்கும் ஒரே சட்டையோடு இருந்த குடும்பத்துக்கு நான் பரிமாறியிருக்கிறேன். ஒரு சேலை, ரவிக்கை, உள்பாவாடை, ஒரு சட்டை, பேன்ட், மாத்திரைகள் இவை கையோடு இருக்கட்டும். கோட்டை மடிக்கத் தெரியவில்லை என்றால் விமானத்தில் போட்டுக்கொண்டே போங்கள், ஏசிக்கும் நல்லது.